டிஸ்க்கில் இருப்பது எந்த ஃபைல் சிஸ்டம்? நிரல் வழியே சரியாகக் கண்டறியும் முறை

ரிச்சி தெருவில் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கிவந்து விண்டோஸ் லேப்டாப்பில் சொருகுகிறீர்கள். 'இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று ஒரு பெட்டி எழும்புகிறது. டிஸ்க் காலி என்று அதற்கு அர்த்தம் இல்லை. லினக்ஸ் சர்வரிலோ, ஏதோ ஒரு ஸ்டுடியோவின் நாஸ் (நெட்வொர்க் வழி சேமிப்பு) பெட்டியிலோ, கடை வாசலில் இருந்த சிசிடிவி டிவிஆரிலோ ஓடிய டிஸ்க்காக அது இருக்கலாம். அதன் ஃபைல் சிஸ்டத்தை, அதாவது ஃபைல்கள் டிஸ்க்கில் அடுக்கப்பட்டிருக்கும் முறையை, விண்டோஸுக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெட்டியில் 'சரி' என்று தட்டியதால் அழிந்த கல்யாண ஆல்பங்கள் எத்தனையோ.

பேக்கப் மென்பொருள், டேட்டா மீட்புக் கருவி, கேமரா கார்டிலிருந்து படங்களை இறக்கும் செயலி என நீங்கள் எதை எழுதினாலும் இதே பிழை உங்கள் நிரலுக்குள்ளும் நுழையும். அதனால் முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். கண்டறியும் ஃபங்ஷன் மூன்று விதமாகப் பதில் சொல்ல வேண்டும்: 'இன்னது', 'அடையாளம் தெரியவில்லை', 'ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளம் இருக்கிறது'. 'காலி' என்ற பதிலை அது ஒருபோதும் தரக்கூடாது. கையொப்பம் (ஒவ்வொரு ஃபைல் சிஸ்டமும் குறிப்பிட்ட இடத்தில் எழுதிவைக்கும் அடையாள பைட்டுகள்) கிடைக்காததை வைத்து டிஸ்க்கில் ஒன்றும் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

கட்டளைகளையும் ஹெக்ஸ் (16 அடிமான எண்முறை) எழுத்துகளையும் உச்சரிப்பின்படியே தந்திருக்கிறோம். வேறு சொல்லாதவரை கட்டளைகளைச் சிறிய ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள். இடத்தைக் குறிக்கும் எண்கள் எல்லாம் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து பைட் கணக்கில், பூஜ்யத்திலிருந்து எண்ணப்பட்டவை.

எதை நம்பக்கூடாது

பார்ட்டிஷன் டேபிளில் உள்ள வகை எண்ணை நம்பக்கூடாது. எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் டேபிள் முறையில் 07 என்று இருந்தால் என்டிஎஃப்எஸ் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். எக்ஸ்ஃபேட்டுக்கும் அதே 07தான். 83 என்பது 'லினக்ஸ்' என்று மட்டுமே சொல்கிறது. உள்ளே எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஜிபிடி என்ற புதிய முறையிலும் கதை இதேதான்: மைக்ரோசாஃப்ட்டின் 'பேசிக் டேட்டா' என்ற ஒரே அடையாள எண் ஃபேட், எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் மூன்றுக்கும் பொது. ஒரு பார்ட்டிஷனை வேறு ஃபைல் சிஸ்டத்துக்கு மாற்றி ஃபார்மட் செய்யும்போது பல கருவிகள் இந்த எண்ணைத் தொடுவதே இல்லை. எனவே அது ஒரு துப்பு மட்டும்.

மவுண்ட் (பயன்பாட்டுக்காக இணைக்கப்பட்ட) வால்யூம்களின் பட்டியலிலும் பாதி உண்மைதான் கிடைக்கும். எந்த டிரைவர் வழியாக மவுண்ட் ஆகியிருக்கிறது என்பதை அது சொல்கிறது. டிஸ்க்கில் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு கேள்வி. எக்ஸ்ட்3 வால்யூமை எக்ஸ்ட்4 என்று மவுண்ட் செய்யலாம், பட்டியல் எக்ஸ்ட்4 என்றே காட்டும். என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற டிரைவர் வழியாக மவுண்ட் ஆன டிஸ்க் 'ஃபியூஸ்பிளாக்' என்று காட்டும். ஸ்டாட்எஃப்எஸ் அழைப்பு திருப்பித் தரும் வகை எண்ணும் எக்ஸ்ட்2, 3, 4 மூன்றுக்கும் ஒன்றே.

லினக்ஸில் கையால் சரிபார்ப்பது

நிரலுக்குள் இறங்கும் முன் இந்த மூன்று கட்டளைகளும் கைக்கு வந்திருக்க வேண்டும்.

'எல்எஸ்பிஎல்கே -எஃப்' ரூட் அனுமதி இல்லாமலே ஓடும். காரணம், அது பெரும்பாலும் டிஸ்க்கைத் தொடுவதில்லை. யூடெவ் என்ற லினக்ஸின் சாதன மேலாளர் ஏற்கெனவே சேர்த்துவைத்த தகவலையே எடுத்துக்காட்டுகிறது. ஃபார்மட் முடிந்த மறுநொடியில் ஓட்டினால் பழைய விடை வரலாம். 'யூடெவ்ஆட்ம் செட்டில்' ஓட்டிவிட்டுப் பாருங்கள். கன்டெய்னருக்குள் யூடெவ் இல்லாததால் வகை என்ற பத்தி வெறுமையாக வரலாம். அதைக் 'காலி' என்று எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட் ஆபத்தானது.

'பிஎல்கேஐடி' கட்டளையை எப்போதும் '-பி' சேர்த்தே ஓட்டுங்கள். அது இல்லாவிட்டால் கேஷில் கிடக்கும் பழைய விடை வர வாய்ப்புண்டு. '-பி' இருந்தால் டிஸ்க்கையே படிக்கும், அதற்கு ரூட் அனுமதி வேண்டும். '-ஓ எக்ஸ்போர்ட்' என்றும் சேர்த்தால் ஒரு வரிக்கு ஒரு விவரமாக வரும், ஸ்கிரிப்டில் பிரித்தெடுக்க எளிது. அதில் 'டைப்' வரியோடு 'யூசேஜ்' வரியையும் கட்டாயம் படியுங்கள். இது ஃபைல் சிஸ்டமா, ரெய்டு உறுப்பா, பூட்டிய வால்யூமா என்பதை அதுதான் சொல்கிறது. வெளியேறும் எண் 2 என்றால் ஒன்றும் கிடைக்கவில்லை. 8 என்றால் முரணான கையொப்பங்கள் கிடைத்திருக்கின்றன. இந்த இரண்டையும் ஒரே 'எரர்' கிளையில் தள்ளிவிடாதீர்கள்.

'வைப்எஃப்எஸ்' என்ற பெயர் பயமுறுத்தினாலும், எந்த ஆப்ஷனும் இல்லாமல் ஓட்டினால் அது எதையும் அழிக்காது. கிடைத்த எல்லாக் கையொப்பங்களையும் இடத்தோடு பட்டியலிடும். 8 என்று வந்த டிஸ்க்குக்கு இதுவே சரியான அடுத்த படி. '-ஏ' அல்லது '-ஓ' சேர்த்தால்தான் அழிக்கும்.

சி மொழியில் எழுதுவோர் லிப்பிஎல்கேஐடி நூலகத்தையே பயன்படுத்தலாம். அதன் 'சேஃப்புரோப்' ஃபங்ஷன் தரும் விடைகள்: கிடைத்தால் 0, ஒன்றும் இல்லையென்றால் 1, முரண் என்றால் -2, படிக்கும்போது பிழை என்றால் -1. மேலே சொன்ன மூன்று பதில்களும் இங்கே தயாராகவே இருக்கின்றன. லினக்ஸில் மட்டும் ஓடும் நிரல் என்றால் சொந்தமாகக் கையொப்பம் தேடத் தேவையே இல்லை. இந்த நூலகம் போதும்.

மவுண்ட் ஆன வால்யூமின் டிரைவர் பெயர் மட்டும் போதுமென்றால் லினக்ஸ் கர்னலின் தகவல்கள் கிடைக்கும் புரோக் ஃபோல்டரின் அடியில் உள்ள 'மவுண்ட்இன்ஃபோ' ஃபைலைப் படியுங்கள். ஒரு எச்சரிக்கை: அதில் ஏழாவது பத்தியிலிருந்து வரும் விருப்பப் பத்திகள் எத்தனை என்பது வரிக்கு வரி மாறும். தனியாக நிற்கும் ஹைஃபனைத் தேடி, அதற்கு அடுத்த சொல்லை எடுக்க வேண்டும். 'ஒன்பதாவது சொல்' என்று எண்ணி எடுத்தால் ஒரு நாள் தவறும். பாதையில் உள்ள இடைவெளி \040 என்று வரும் என்பதையும் கவனியுங்கள்.

பைட்டைப் படித்துக் கண்டுபிடிப்பது

விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓட வேண்டும், டிஸ்க் இமேஜ்களையும் பார்க்க வேண்டும் என்றால் நீங்களே எழுத வேண்டியதுதான். டிஸ்க்கை வாசிக்க மட்டும் திறந்து, முதல் 256 கேபியையும் கடைசி 512 கேபியையும் நினைவகத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே சொல்லப்போகும் முதன்மைக் கையொப்பங்கள் எல்லாம் இதற்குள் அடங்கும். அதன்பின் டிஸ்க்கைத் தொட வேண்டாம். ஒப்பீடு முழுவதும் நினைவகத்திலேயே நடக்கட்டும். தேய்ந்துபோன டிஸ்க்கில் ஒரு செக்டர் படிக்கவே பல நொடிகள் திணறும் என்பதால் இந்த வாசிப்பைத் தனி த்ரெட்டில் வையுங்கள். பிழை வந்தால் விடாமல் திரும்பத் திரும்ப முயல வேண்டாம். சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கை அது இன்னும் சீக்கிரம் முடித்துவிடும்.

ஒப்பிடும் வரிசை முக்கியம். முதலில் உறைகளைத் தேடுங்கள், பிறகு உள்ளடக்கத்தை. ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்ப்பது), எல்விஎம் (லினக்ஸின் வால்யூம் மேலாளர்), லக்ஸ், பிட்லாக்கர் (லினக்ஸ், விண்டோஸின் குறியாக்கப் பூட்டுகள்) போன்றவை ஃபைல் சிஸ்டத்தைப் பொதிந்துவைத்திருக்கும் உறைகள்.

லக்ஸ்: 0ஆம் பைட்டில் 'எல்யூகேஎஸ்' என்ற நான்கு எழுத்து, தொடர்ந்து பிஏ பிஈ.

பிட்லாக்கர்: 3ஆம் பைட்டில் '-எஃப்விஈ-எஃப்எஸ்-' என்ற எட்டு எழுத்து. பென் டிரைவ்களுக்கான பிட்லாக்கர் டு கோ மட்டும் வெளித்தோற்றத்தில் ஃபேட் போலவே இருக்கும்.

எல்விஎம்: 512இல் 'லேபிள்ஒன்' என்பதன் ஆங்கில எழுத்துகள் எட்டும் பெரிய எழுத்தில். பெரும்பாலும் இரண்டாவது செக்டரில் இருக்கும். முதல் நான்கு செக்டர்களில் எதிலும் இருக்க இடமுண்டு, நான்கையும் பாருங்கள்.

லினக்ஸ் மென்பொருள் ரெய்டு: டிஸ்க்கில் எஃப்சி 4ஈ 2பி ஏ9 என்ற வரிசை. 1.2 பதிப்பில் 4096ஆம் பைட்டில், 1.1இல் தொடக்கத்திலேயே. 1.0, 0.90 பதிப்புகளில் டிஸ்க்கின் கடைசியில். கடைசிப் பகுதியையும் படிக்கச் சொன்னதற்கு முதன்மையான காரணம் இதுதான். இந்தப் பதிப்புகளில் ரெய்டு-1 (ஒரே தரவை இரண்டிலும் எழுதும்) ஜோடியில் உள்ள ஒரு டிஸ்க்கின் தொடக்கத்தில் சுத்தமான எக்ஸ்ட்4 தெரியும். வால் பகுதியைப் பார்க்காத நிரல் அதை நேரடியாக எழுதத் திறந்துவிடும், ஜோடியின் இரண்டு டிஸ்க்குகளும் வேறுவேறாகிவிடும். நாஸ் பெட்டியிலிருந்து வரும் டிஸ்க்குகளில் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

உறை ஏதும் இல்லையென்றால் ஃபைல் சிஸ்டத்துக்கு வரலாம்.

எக்ஸ்எஃப்எஸ்: 0இல் 58 46 53 42. இதன் உள் எண்கள் பிக் எண்டியன், அதாவது பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும்.

என்டிஎஃப்எஸ்: 3ஆம் பைட்டில் 'என்டிஎஃப்எஸ்' நான்கு எழுத்து, பின் நான்கு இடைவெளி.

எக்ஸ்ஃபேட்: அதே 3ஆம் பைட்டில் ஐந்து எழுத்துப் பெயர், பின் மூன்று இடைவெளி. கூடவே 11 முதல் 63 வரை உள்ள 53 பைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பது விதி. ஃபேட்டுக்கு முக்கியமான எண்கள் எல்லாம் அதே இடத்தில் இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியில்லை. 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகளின் தர வடிவம் எக்ஸ்ஃபேட். போட்டோகிராஃபர்களின் கார்டுகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

எச்எஃப்எஸ் பிளஸ்: 1024இல் 'எச்' என்ற எழுத்தும் '+' குறியும். ஏபிஎஃப்எஸ்: 32ஆம் பைட்டில் 4ஈ 58 53 42.

ஐஎஸ்ஓ 9660: 32769இல் 43 44 30 30 31.

பிடிஆர்எஃப்எஸ்: 65600இல் 5எஃப் 42 48 52 66 53 5எஃப் 4டி. அதன் சூப்பர்பிளாக் (ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் உள்ள பகுதி) 64 கேபியில் தொடங்குகிறது. 'முதல் 4 கேபி போதும்' என்று எழுதப்படும் நிரல்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

லினக்ஸ் ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணையான டிஸ்க் பகுதி): 4 கேபி பேஜ் என்றால் 4086இல் 'ஸ்வாப்ஸ்பேஸ்2' என்ற பத்து ஆங்கில எழுத்துகள்.

எக்ஸ்ட் குடும்பம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். சூப்பர்பிளாக் 1024இல் தொடங்கும். அதற்குள் 56ஆம் பைட்டில், அதாவது மொத்தத்தில் 1080இல், 53 இஎஃப் என்ற இரண்டே பைட். இரண்டு பைட் என்றால் முற்றிலும் தற்செயலான தரவிலும் 65,536க்கு ஒரு முறை பொருந்திவிடும். எனவே அதோடு நிறுத்தாமல் சூப்பர்பிளாக்கின் 24ஆம் பைட்டில் உள்ள பிளாக் அளவு எண் 6ஐத் தாண்டவில்லையா, மொத்த பிளாக்குகள் டிஸ்க்கின் கொள்ளளவுக்குள் அடங்குகின்றனவா, ஐநோடு (ஃபைல் ஒன்றின் விவரப் பதிவு) எண்ணிக்கை பூஜ்யம் இல்லையா என்று பாருங்கள். மூன்றும் சரியென்றால் நம்பலாம்.

எக்ஸ்ட் 2, 3, 4இல் எது? சூப்பர்பிளாக்குக்குள் 92, 96, 100 ஆகிய இடங்களில் மூன்று அம்சப் பட்டியல்கள், ஒவ்வொன்றும் நான்கு பைட், லிட்டில் எண்டியன் (சிறிய மதிப்புள்ள பைட் முதலில்). 92இல் 4 என்ற பிட் இருந்தால் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) உண்டு. 96இல் ஹெக்ஸ் 40 எக்ஸ்டென்ட், 80 என்றால் 64 பிட், 200 என்றால் ஃபிளெக்ஸ் பிஜி. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே எக்ஸ்ட்4. எக்ஸ்ட்3 அறியாத அம்சம் எதுவும் இல்லாமல் ஜர்னல் மட்டும் இருந்தால் எக்ஸ்ட்3. இரண்டும் இல்லையென்றால் எக்ஸ்ட்2. ஜர்னலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஜர்னலை அணைத்துவைத்த எக்ஸ்ட்4 வால்யூம்கள் உண்டு, அவற்றை எக்ஸ்ட்2 என்று சொல்வது பிழை. 96இல் ஹெக்ஸ் 8 இருந்தால் அது ஃபைல் சிஸ்டமே இல்லை, வெளியே வைக்கப்பட்ட ஜர்னல் டிஸ்க்.

ஃபேட்: பெயரை நம்பாமல் எண்ணிப் பாருங்கள்

510, 511இல் 55 ஏஏ இருந்தால் ஃபேட் என்று எழுதிவிடுவது பழைய தவறு. என்டிஎஃப்எஸ் பூட் செக்டரிலும் அது உண்டு, முழு டிஸ்க்கின் எம்பிஆரிலும் உண்டு. 54இல் 'ஃபேட்16' என்றும் 82இல் 'ஃபேட்32' என்றும் எழுதியிருப்பதும் வெறும் அலங்காரம். மைக்ரோசாஃப்ட்டின் வரையறையே அந்தப் பெயரை வைத்து வகையை முடிவு செய்யாதே என்கிறது. கிளஸ்டர் (ஃபைலுக்கு ஒதுக்கப்படும் செக்டர் தொகுதி) எண்ணிக்கை ஒன்றே அளவுகோல்: 4085க்குக் குறைவென்றால் ஃபேட்12, 65,525க்குக் குறைவென்றால் ஃபேட்16, மற்றவை ஃபேட்32.

கணக்கு இது. 11இல் செக்டர் அளவு, 13இல் ஒரு கிளஸ்டருக்கு எத்தனை செக்டர், 14இல் ஒதுக்கிய செக்டர்கள், 16இல் ஃபேட் அட்டவணைகளின் எண்ணிக்கை, 17இல் ரூட் பதிவுகள். மொத்த செக்டர் 19இல் இரண்டு பைட்டாக இருக்கும். அது பூஜ்யமானால் 32இல் நான்கு பைட்டாக. ஃபேட் அட்டவணையின் அளவும் அப்படியே: 22இல் பூஜ்யமானால் 36இல். ரூட் பதிவு ஒன்றுக்கு 32 பைட். பெருக்கிச் செக்டர் ஆக்கி மேல்முழுமையாக்குங்கள். மொத்தத்திலிருந்து ஒதுக்கீடு, அட்டவணைகள், ரூட் மூன்றையும் கழித்து, கிளஸ்டர் அளவால் வகுத்துக் கீழ்முழுமையாக்கினால் விடை.

1.44 எம்பி ஃப்ளாப்பி: 2880 செக்டர், ஒதுக்கீடு 1, அட்டவணை 2 × 9, ரூட் 224 பதிவு = 14 செக்டர். மீதி 2847, கிளஸ்டருக்கு ஒரு செக்டர். 2847 என்பது 4085க்குக் கீழே, எனவே ஃபேட்12. ஒரு பென் டிரைவில் 1,57,28,640 செக்டர், ஒதுக்கீடு 32, அட்டவணை 2 × 15,360, கிளஸ்டருக்கு 8 செக்டர் என்றால் மீதி 1,56,97,888, வகுத்தால் 19,62,236. ஃபேட்32.

வகுக்கும் முன் செக்டர் அளவு 512, 1024, 2048, 4096இல் ஒன்றா, கிளஸ்டர் எண் இரண்டின் அடுக்கா என்று சோதியுங்கள். குப்பைத் தரவில் அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தால் நிரல் வகுத்தல் பிழையில் விழும். பென் டிரைவ் சொருகியதும் செயலி செத்துப்போகிறது என்று வரும் புகார்களில் முதலில் தேட வேண்டிய இடம் இது.

விண்டோஸ் பக்கம்

'கெட்வால்யூம்இன்ஃபர்மேஷன்' அழைப்பு என்டிஎஃப்எஸ், ஃபேட்32, எக்ஸ்ஃபேட் பெயர்களை நேராகத் தரும். பாதையின் முடிவில் பின்சாய்வுக்கோடு கட்டாயம் வேண்டும். அதே வால்யூமை 'கிரியேட்ஃபைல்' மூலம் பைட் படிக்கத் திறக்கும்போது அந்தக் கோடு இருக்கவே கூடாது. ஒரே பாதையை இரண்டுக்கும் கொடுத்துவிட்டு விழிப்பது வழக்கமான இடறல்.

அழைப்பு தோற்றால் பிழை எண்ணைப் பிரித்துப் பாருங்கள். 21 என்றால் கார்டு ரீடரில் கார்டே இல்லை. 1005 என்றால் விண்டோஸுக்குத் தெரியாத வடிவம். இங்கேதான் உங்கள் பைட் ஒப்பீடு கைகொடுக்க வேண்டும். 'இது எக்ஸ்ட்4, லினக்ஸில் திறக்கவும், ஃபார்மட் செய்ய வேண்டாம்' என்று பயனருக்குச் சொல்லும் ஒரு வரி, மீட்புச் செலவு மொத்தத்தையும் மிச்சப்படுத்தும். நேரடி வாசிப்புக்கு அட்மின் உரிமை வேண்டும். தொடங்கும் இடமும் நீளமும் செக்டர் அளவின் மடங்காக இருக்க வேண்டும். 1080இலிருந்து இரண்டு பைட் என்று கேட்டால் மறுத்துவிடும். 4096 மடங்காகக் கேட்டால் எல்லா டிஸ்க்கிலும் செல்லும்.

டாட்நெட்டில் 'டிரைவ்ஃபார்மட்' கேட்கும் முன் 'இஸ்ரெடி' பாருங்கள். பைத்தானின் ஓஎஸ் மாட்யூலில் உள்ள 'ஸ்டாட்விஎஃப்எஸ்' வகையைத் தரவே தராது. பலர் அதில் தேடி நேரம் வீணாக்குகிறார்கள்.

குழப்பும் டிஸ்க்குகள்

சில பென் டிரைவ்களில் பார்ட்டிஷன் டேபிளே இருக்காது, ஃபைல் சிஸ்டம் முதல் செக்டரிலேயே தொடங்கும். பார்ட்டிஷன்களை மட்டும் சுற்றிவரும் நிரலுக்கு அவை தெரியாது. முழு டிஸ்க்கையும் ஒரு வேட்பாளராகச் சேருங்கள். லினக்ஸ் நிறுவ இமேஜ் எழுதிய பென் டிரைவ் இதற்கு நேர்மாறு: ஒரே டிஸ்க்கில் எம்பிஆரும் ஐஎஸ்ஓ 9660உம் ஃபேட் பார்ட்டிஷனும் சேர்ந்தே இருக்கும். மூன்றும் உண்மை. அதைப் பின்னால் மேலோட்டமாக ஃபார்மட் செய்தால் 32769இல் பழைய கையொப்பம் மிஞ்சி நிற்கலாம். செட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் தன் அடையாளத்தை முன்னால் இரண்டு, கடைசியில் இரண்டு என்று நான்கு பிரதிகளாக வைப்பதால், தொடக்கத்தை மட்டும் அழித்த டிஸ்க்கில் வருடக்கணக்கில் பேயாக வந்து நிற்கும்.

இரண்டு அடையாளம் கிடைத்தால் நிரல் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கக்கூடாது. இரண்டையும் இடத்தோடு காட்டி மனிதரிடம் விடுங்கள். டிவிஆர் டிஸ்க்குகளில் பல தயாரிப்பாளர்கள் சொந்த அமைப்பு வைத்திருக்கிறார்கள். அங்கே 'அடையாளம் தெரியவில்லை' என்பதே நேர்மையான விடை.

ஒவ்வொரு வகையாக மவுண்ட் செய்து பார்த்து எது ஒட்டுகிறதோ அதுதான் என்று கண்டுபிடிக்கும் வழியை அடியோடு விட்டுவிடுங்கள். கரண்ட் போய் அரைகுறையாக நின்ற எக்ஸ்ட்4 வால்யூமை வாசிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தாலும் ஜர்னல் ஓடி டிஸ்க்கில் எழுதிவிடும். மவுண்ட் செய்தே ஆக வேண்டுமென்றால் எக்ஸ்ட்டுக்கு 'ஆர்ஓ'வோடு 'நோலோடு', எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு 'ஆர்ஓ'வோடு 'நோரெகவரி'. அதற்கும் முன்னால் 'பிளாக்டெவ் --செட்ஆர்ஓ' கொடுத்து டிஸ்க்கையே பூட்டிவிடுவது இன்னும் நல்லது.

சோதிக்கும் முறை

உண்மையான டிஸ்க் தேவையில்லை. 'ட்ரங்கேட்' கட்டளையால் வகைக்கு ஒன்றாக 512 எம்பி வெற்று ஃபைல்கள் உருவாக்கி, ஒவ்வொன்றையும் அதனதன் எம்கேஎஃப்எஸ் கட்டளையால் ஃபார்மட் செய்யுங்கள். ஃபைல்கள் உண்மையில் அவ்வளவு இடம் பிடிக்காது. 512ஐவிட மிகவும் குறைக்க வேண்டாம். புதிய எம்கேஎஃப்எஸ் பதிப்புகள் 300 எம்பிக்குக் குறைவான எக்ஸ்எஃப்எஸ்ஸை மறுக்கின்றன. என்டிஎஃப்எஸ்ஸுக்கு ஃபைலின் மேல் எழுத '-எஃப்' கேட்கும், இதை மட்டும் பெரிய எழுத்தில் டைப் செய்யுங்கள்.

பிறகு கெடுத்துப் பாருங்கள். ஃபேட்32 இமேஜின் 1080இல் 53 இஎஃப் எழுதுங்கள். நிரல் எக்ஸ்ட் என்று சொன்னால் உங்கள் கூடுதல் சோதனை வேலை செய்யவில்லை. 13ஆம் பைட்டைப் பூஜ்யமாக்குங்கள். 700 பைட்டோடு வெட்டிய ஃபைலைக் கொடுங்கள். முழுக்கப் பூஜ்யமான ஃபைலையும், தற்செயல் எண்கள் நிரம்பிய ஃபைலையும் கொடுங்கள். இரண்டுக்கும் 'அடையாளம் தெரியவில்லை' என்றே வர வேண்டும். ஒவ்வொரு இமேஜுக்கும் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எஸ்எச்ஏ256 எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு பிட் மாறியிருந்தாலும் நிரல் எங்கோ எழுதுகிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை வாடிக்கையாளரின் டிஸ்க்கை அதன் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.